இறங்காமல் ஏறிய பங்களா மேடு

நாற்பது வயதைத் தாண்டிய ஒருவன், போய்ச் சேர வேண்டிய இடம் எதுவும் இல்லாமல், ஞாயிற்றுக்கிழமை காலையில் நனைந்துகொண்டே மேட்டில் சைக்கிள் மிதித்தால் மலாக்காவில் எங்கள் காஜா பேராங் தெருவில் அவனுக்கு ஒரு பட்டப்பெயர் வைப்பார்கள். எனக்கும் வைத்தார்கள். அதை இங்கே எழுதப் போவதில்லை. ஏன் மிதித்தேன் என்பதை மட்டும் எழுதுகிறேன். மன்னிப்புக் கேட்பதற்காக அல்ல.

நான் அதிகம் பேசாதவன். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. ஐஸ் பேக்டரியில் கட்டிகளை இழுத்து லாரியில் ஏற்றும் வேலை. கோப்பிக்கடையில் நாலு பேர் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தால் ஓரமாக உட்கார்ந்து, குடித்துவிட்டு, காசை மேசையில் வைத்துவிட்டு வந்துவிடுவேன். சைக்கிளில் ஏறினால் மட்டும் நான் வேறு ஆள். அதில் போகும்போது யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

எனக்குத் துணை ஒருவர் உண்டு. எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கும் செட்டிக் கம்பத்துக்காரர். பரம்பரை பரம்பரையாக மலாக்காவில் இருக்கும் குடும்பம். நெற்றியில் திருநீறு இருக்கும், வாயில் தமிழ் இருக்காது. சாமிக்கும் சாப்பாட்டுக்கும் சில தமிழ்ச் சொற்கள் வைத்திருப்பார். மற்றதெல்லாம் அவர்களுடைய மலாய். எனக்கும் மலாய் வரும் என்பதால் இருவருக்கும் பேச்சுக்குக் குறைவில்லை. பேச்சு என்றால் அவர் பேசுவார், நான் கேட்பேன். என்னை ‘பாங்’ என்றுதான் கூப்பிடுவார், அண்ணன் என்று அர்த்தம்.

முதலில் நாங்கள் சமதரையில்தான் ஓட்டினோம். தெங்கேரா வழியாகக் கடலோரமாகப் போய்த் திரும்புவோம். அது அலுத்துவிட்டது. பிறகுதான் புக்கிட் காதில் என்ற ஊர்ப் பக்கம் மேடுகளைத் தேடிப் போக ஆரம்பித்தோம். மேட்டைக் கண்டால் நண்பர் பாதியில் இறங்கித் தள்ளிக்கொண்டு வருவார். நான் இறங்குவதில்லை. கியர் இல்லாத, கனமான கறுப்பு சைக்கிள். எழுந்து நின்று, உடம்பின் எடையை ஒவ்வொரு மிதியிலும் இறக்கினால்தான் சக்கரம் உருளும். நெஞ்சு வெடிக்கிற மாதிரி இருக்கும். அந்த வேதனை எனக்குப் பிடித்திருந்தது. பேக்டரியில் படும் வேதனை முதலாளிக்கு. இது எனக்கே எனக்கு.

“வேல நாள்லயும் சைக்கிளு, லீவு நாள்லயும் சைக்கிளா? அங்க மேல என்னதாங்க இருக்கு?” என்று மனைவி கேட்பாள்.

“ஒண்ணுமில்ல.”

“ஒண்ணுமில்லாததுக்கா நான் இந்தச் சேத்துச் சட்டைய தொவைக்கிறேன்?”

மெர்டேக்கா என்று நாடு சுதந்திரம் கொண்டாடிய வருடத்து ஐப்பசியில்தான் நான் சொல்ல வந்தது நடந்தது. எங்கள் பக்கம் பால்மரம், அதாவது ரப்பர் மரம், இலை உதிர்ப்பது மாசி வாக்கில். ஐப்பசியில் மழைதான். இரவெல்லாம் பெய்து, காலையில் சாலை கறுப்பாக மினுங்கும். வெயில் இல்லாததால் மேடு ஏற அதைவிட நல்ல காலம் கிடையாது. ஊரில் தெருவுக்குத் தெரு கட்டிய கொடித்தாள்கள் சாயம் போய்த் தொங்கிக்கொண்டிருந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பர் கேட்டார், “நீ பிறந்த தோட்டம் இந்தப் பக்கம்தானே, பாங்? அங்கே ஒரு பெரிய மேடு இருக்கிறதாமே?”

இருந்தது. பங்களா மேடு. அடியில் பால்மரங்களுக்கு நடுவே கிளம்பி, இரண்டு வளைவு வளைந்து, குன்றின் உச்சியில், தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரையின் பங்களா வாசலில் போய் முடியும் தார்ச்சாலை. துரையின் காருக்காகப் போட்டது. சுற்று வட்டாரத்தில் அவ்வளவு செங்குத்தான சாலை வேறில்லை. சின்ன வயதில் அதை அண்ணாந்து பார்த்திருக்கிறேன். சைக்கிளில் ஏறியதில்லை. யாரும் ஏறியதில்லை.

ஏன் என்பதைச் சொல்லியாக வேண்டும். எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. தொழிலாளி சைக்கிளில் போகும்போது எதிரிலோ பின்னாலோ துரை வந்தால் உடனே இறங்க வேண்டும். ஓரமாக நின்று, தலையில் இருப்பதைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். துரை மட்டுமல்ல, ஆபீஸில் கணக்கு எழுதும் பெரிய கிராணி வந்தாலும் அதேதான். என் அப்பா ஆசைப்பட்டு ஒரு பழைய சைக்கிள் வாங்கினார். ஒரு மழை நாள், பின்னால் வந்த காரின் சத்தம் அவர் காதில் விழவில்லை. இறங்கவில்லை. சைக்கிளைப் பிடுங்கி ஆபீஸில் பூட்டிவிட்டார்கள். தினமும் விடியற்காலையில் பெரட்டுக்களத்தில், பேர் கூப்பிடும்போது எல்லாருக்கும் முன்னால் நின்று மன்னிப்புக் கேட்டு, பங்களா வரைக்கும் நடந்து போய்க் கெஞ்சி, ஒரு வழியாகத் திரும்ப வாங்கினார். அதற்குப் பிறகு அப்பா அதை ஓட்டியதைவிட உருட்டியதுதான் அதிகம். யாரும் வராத பாதையிலும் உருட்டிக்கொண்டுதான் போவார். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த வழக்கமும் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

நண்பரும் நானும் போனோம். மேட்டின் அடியிலேயே அவர் இறங்கிவிட்டார். நான் முதல் வளைவைத் தாண்டினேன். இரண்டாவது வளைவில் மூச்சு வாங்கியது, ஆனாலும் கால் ஓடியது. அப்போது மேலிருந்து கார் இறங்கி வந்தது.

என்ன நடந்தது என்று எனக்கே தெரியாது. வலது கால் தானாக எழும்பி, இருக்கைக்குப் பின்னால் சுற்றி, தரையில் வந்து நின்றது. ஓரமாக ஒதுங்கினேன். தொப்பி கையில் இருந்தது. தலை குனிந்திருந்தது. கார் போன பிறகுதான் கீழேயிருந்து நண்பரின் குரல் கேட்டது.

“கோசோங் லா, பாங்! கோசோங்!”

காலி. காரில் துரை இல்லை. மலாய் டிரைவர் மட்டும் பெட்ரோல் போடவோ எதற்கோ போய்க்கொண்டிருந்தார். பின் இருக்கை காலி. நான் ஒரு காலி இருக்கைக்கு இறங்கி நின்றிருக்கிறேன்.

நண்பர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கெட்ட மனிதர் அல்ல. அவருக்குத் தோட்டம் தெரியாது. அன்று சாயங்காலமே கோப்பிக்கடையில் எழுந்து நின்று, நான் இறங்கியது, தொப்பியைக் கழற்றியது எல்லாவற்றையும் நடித்துக் காட்டினார்.

“மெர்டேக்கா நமக்கு, சலாம் மட்டும் காருக்கா?” என்றார் ஒருவர்.

“நல்லவேள, காரு பதிலுக்கு சலாம் வைக்கல!” என்றார் இன்னொருவர்.

நான் காசை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். அவளும் தோட்டத்தில் பிறந்தவள். அவள் சிரிக்கவில்லை. பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே, “எனக்கும் அப்படித்தாங்க. இப்பக்கூட பசார்ல பெரியாங்கிராணி சம்சாரத்த பாத்தா, மீன்கூடைய கீழ வச்சிட்டு ஓரமா நின்னுடுறேன். அந்தம்மா என்னைப் பாக்குறதுகூட இல்ல” என்றாள்.

அன்று முடிவு செய்தேன். அந்த மேட்டை இறங்காமல் ஏறுவேன். எதிரில் கார் வந்தாலும், துரையே வந்தாலும், இந்தக் கால் தரையில் படக் கூடாது. நாற்பது வருடமாக என் உடம்பில் குடியிருந்துகொண்டு வேறு யாருக்கோ வேலை செய்யும் கால். அதை அப்படியே விட்டுவிட்டுச் சாக எனக்கு மனமில்லை.

ஆனால் எப்படி? அது என் பேச்சைக் கேட்பதில்லையே. வழி சொன்னது மனைவிதான்.

“துள்ளுற ஆட்ட என்னா செய்வோம்? கால கட்டுவோம்ல?”

விளையாட்டாகச் சொன்னாள் என்று நினைத்தேன். அவள் பழைய சைக்கிள் டியூப்பை எடுத்து, அரிவாள்மனையில் வாராக நறுக்கிக்கொண்டிருந்தாள்.

அடுத்த ஞாயிறு மேட்டின் அடியில் ஒரு பால்மரத்தைப் பிடித்தபடி சைக்கிளில் உட்கார்ந்தேன். நண்பர் குனிந்து என் இரண்டு பாதங்களையும் பெடலோடு சேர்த்துக் கட்டினார். கோப்பிக்கடையில் நடித்தது அவருக்கே உறுத்தியிருக்க வேண்டும். ஒரு வார்த்தை கேலி பேசவில்லை.

“விழுந்தால்?”

“விழுந்தா சைக்கிளோட சேந்து விழுவேன். அது இறங்குனதா ஆகாது.”

ஏறினேன். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. முதல் வளைவு. இரண்டாவது வளைவு. போன வாரம் நான் நின்ற இடத்தில் தார் விரிசலுக்குள் புல் முளைத்திருந்தது. அந்த இடத்தில் கார் எதுவும் வரவில்லை. ஆனாலும் கால் ஒரு முறை உதறியது. வார் இழுத்துப் பிடித்தது. பின்னால் நண்பர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே கத்தினார், “ஜாங்ஙான் துருன், பாங்! இறங்காதே!”

எப்படி இறங்குவேன்?

உச்சிக்கு வந்துவிட்டேன். அங்கேதான் நான் யோசிக்காத ஒன்று இருந்தது. சாலை பங்களா வாசலில், ஒரு வட்டமான பூப்பாத்தியைச் சுற்றி முடிந்தது. நிறுத்த முடியாது, நிறுத்தினால் விழுவேன். அதனால் பூப்பாத்தியைச் சுற்ற ஆரம்பித்தேன். காவல்காரர் கம்போடு ஓடி வந்தார். எங்கள் ஆள்தான். காக்கிச் சட்டை போட்ட தமிழர்.

“டேய்! எறங்குடா! பங்களா வாசல்லயே சைக்கிளா?”

நான் ஒரு சுற்று முடித்தேன்.

“தொரை பாக்குறாருடா, எறங்கு!”

வராந்தாவில் பிரம்பு நாற்காலியில் துரை உட்கார்ந்திருந்தார். கையில் தேநீர்க் கோப்பை.

“பாக்கட்டும்” என்றேன்.

என் வாயிலிருந்துதான் வந்தது. ஐஸ் பேக்டரியில் மேஸ்திரி திட்டினாலும் தலையை ஆட்டுகிற என் வாய். காவல்காரர் என்னோடு கூடவே ஓடினார். பாவம், எனக்கு மூத்தவராக இருப்பார்.

துரை எழுந்து படிக்கு வந்தார். தோட்டத்துத் துரைமார்களுக்குத் தமிழ் தெரியும். தோட்டத்தில் கற்ற தமிழ். அதில் ‘நீங்கள்’ இருக்காது.

“யார் நீ?” என்றார். நான் அதற்குள் பூப்பாத்தியின் மறுபக்கம் போய்விட்டேன். திரும்பி வந்தபோதுதான் அடுத்த கேள்வி கேட்க முடிந்தது.

“என்னா வேணும்?”

மேடு ஏறி அந்த வாசலுக்கு வந்தவர்கள் எல்லாரும் ஏதாவது வேண்டித்தான் வந்திருக்கிறார்கள். லீவு, ஒழுகும் லயத்து வீட்டுக்குக் கூரை, பிரசவத்துக்கு லாரி. என் அப்பா தன் சைக்கிளை வேண்டி வந்தார்.

“ஒண்ணும் வேணாம், தொரை. சும்மா வந்தேன்.”

தொரை என்ற சொல் தானாக வந்து விழுந்துவிட்டது. காலைக் கட்டியிருந்தேன், நாக்கைக் கட்ட மறந்துவிட்டேன். சரி, எல்லாம் ஒரே நாளில் நடக்காது. துரை ஏதோ சொன்னார், தூறலில் கேட்கவில்லை. நான் பூப்பாத்தியை விட்டுச் சாலைக்குத் திருப்பினேன். பின்னால் காவல்காரர் கத்தினார், “இன்னொரு தரம் வந்து பாரு! சைக்கிள புடுங்கி ஆபீஸ்ல போட்டுருவேன்!”

ஈரச் சாலையில் பிரேக்கைப் பிடித்துப் பிடித்து இறங்கினேன். பாதி வழியில் எதிரே வந்த நண்பர் வாயைப் பிளந்து நின்றார். அடியில் அதே பால்மரத்தைக் கட்டிப்பிடித்தேன். பால் வடிவதற்காக மரத்தில் கட்டியிருந்த கொட்டாங்கச்சியில் தேங்கியிருந்த மழைத் தண்ணீர் முழுதும் சட்டையில் கொட்டியது. நண்பர் வந்து வாரை அவிழ்க்கும்வரை மரத்தைக் கட்டிக்கொண்டே நின்றேன். அந்தத் தோட்டத்து மேட்டில் அன்று என் கால் படவேயில்லை.

அதோடு விட்டுவிடலாம் என்றார் நண்பர். மனைவியும், “அதான் ஏறியாச்சில்ல?” என்றாள். கோப்பிக்கடையிலும் கதை மாறியிருந்தது. இப்போது நண்பர் என்னைப் பூப்பாத்தியைப் பத்து முறை சுற்ற வைத்துக்கொண்டிருந்தார். ஆனால் ஒருவர் கேட்டார், “கட்டிக்கிட்டு ஏறுனா யாருதான் எறங்குவா?” கேலியாகத்தான் கேட்டார். ஆனால் அந்தக் கேள்வி நியாயமானது. வார்தான் இறங்காமல் இருந்தது. நான் இருந்தேனா?

அதற்கடுத்த ஞாயிறு வாரை வீட்டில் வைத்துவிட்டுப் போனேன். காவல்காரர் சைக்கிளைப் பிடுங்குவேன் என்று சொன்னது நினைவில் இருந்தது. அப்பா பெரட்டுக்களத்தில் நின்றதும் நினைவில் இருந்தது. பயம் இல்லை என்று எழுதினால் பொய். பயத்தோடுதான் மிதித்தேன்.

இரண்டாவது வளைவில் சாலை நடுவில் காவல்காரர் நின்றிருந்தார். கம்பைக் குறுக்கே நீட்டினார்.

“எறங்கு.”

வலது கால் துடித்தது. தொடையிலிருந்து கிளம்பி வந்ததை உணர்ந்தேன். கட்டு எதுவும் இல்லை. தூக்கியிருக்கலாம்.

“மாட்டேண்ணே. வழி விடுங்க” என்றேன்.

எழுந்து நின்று மிதித்தேன். சைக்கிள் அவரை நோக்கி மெதுவாக, மிக மெதுவாகப் போனது. அவ்வளவு செங்குத்தில் வேகமாகப் போகவும் முடியாது; ஒரு கையால் தள்ளியிருந்தால் விழுந்திருப்பேன். அவர் தள்ளவில்லை. கம்பு கடைசி நேரத்தில் மேலே போனது. அவர் ஓரமாக ஒதுங்கி நின்றார். நான் அவரைத் தாண்டினேன்.

உச்சிக்குப் போனேன். பங்களாவின் கதவுகள் மூடியிருந்தன. துரை இல்லை போலிருக்கிறது. யாரும் பார்க்கவில்லை. பூப்பாத்திக்கு இந்தப் பக்கம், மலாக்கா ஊர் தூரத்தில் தெரியும் இடமாகப் பார்த்து, பிரேக்கைப் பிடித்து நிறுத்தினேன். வலது காலைத் தூக்கி, இருக்கைக்குப் பின்னால் சுற்றி, தரையில் வைத்தேன். தொப்பி தலையிலேயே இருந்தது. போத்தலைத் திறந்து தண்ணீர் குடித்தேன்.

காவல்காரர் மூச்சு வாங்க ஏறி வந்தார்.

“அப்ப அவ்ளோ சொன்னேன், எறங்கல. இப்ப மட்டும் ஏன்டா எறங்குன?”

“களைச்சுப் போச்சுண்ணே” என்றேன்.