எழுபது ஹெர்ட்ஸில் காணாமல் போன குடம்

1. வேனில் கேட்டது

பாட்டு முடிவதற்குள் சரஸ்வதி அக்கா வேனின் ஸ்டீரியோவை அணைத்துவிட்டார்.

"தம்பி, எனக்க சத்தம் எங்க? குடம் மட்டும்லா கெடந்து இடிக்குது."

வேனுக்குள் இருந்த வில்லுப்பாட்டுக் குழுவினர் ஆறு பேரும் என்னைப் பார்த்தார்கள். குடம் அடிக்கிற செல்லப்பன் அண்ணன் மட்டும், "நல்லாத்தானே இருக்கு" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

நான் கத்தாரில் பதினொரு வருடம் மேடை நிகழ்ச்சிகளுக்கு சவுண்ட் பார்த்தவன். இப்போது இரணியலில் வீட்டிலேயே சின்ன ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். ஹாலில் ரெக்கார்டிங். ஒட்டியிருக்கும் எட்டுக்கு எட்டு அறையில் மிக்ஸிங்.

துபாயில் தமிழர்கள் நடத்தும் ஒரு விழாவுக்கு வில்லுப்பாட்டுக் குழு தேவைப்பட்டது. மூன்று குழுக்களிடம் பத்து நிமிட ஒலிப்பதிவு கேட்டிருந்தார்கள். அதில் அக்காவின் குழுவும் ஒன்று. அவர்கள் பாட்டை என் ஹாலில்தான் பதிவு செய்திருந்தோம். அவர் கோயில் கொடை விழாக்களில் பாடாத ஊர் இந்த மாவட்டத்தில் குறைவு. ஆனால் விமானத்தில் ஏறியதே இல்லை. ஒலிப்பதிவு போய்ச் சேர வேண்டிய கடைசி நேரம் சனிக்கிழமை மாலை ஐந்து மணி. நாங்கள் வேனில் உட்கார்ந்திருந்தது வியாழக்கிழமை காலை.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. என் அறையில் கேட்டபோது குடம் இருக்கிறதா என்றே தேட வேண்டியிருந்தது. அதனால்தான் ஈக்யூவில் பேஸை, அதாவது அடிச் சத்தத்தை, தூக்கி வைத்தேன். அதே பாட்டு வேனில் அக்காவின் குரலை விழுங்கிவிட்டது.

"நாளைக்கழிஞ்சு, சனிக்கிழமை மத்தியானத்துக்குள்ள சரியாக்கித் தாறேன் அக்கா" என்றேன். எப்படி என்று எனக்கே தெரியாது.

2. டீயோடு வந்தவள்

ரூம் கரெக்‌ஷன் சாஃப்ட்வேரும் அதற்கான அளவெடுக்கும் மைக்கும் ஒரு மாதத்துக்கு முன்பே வாங்கியிருந்தேன். பெட்டியைப் பிரிக்கவில்லை. இத்தனை வருடம் பழகிய காதுக்கு இதெல்லாம் எதற்கு என்ற திமிர்தான். அன்று பிரித்தேன்.

வேலை எளிது. நாம் உட்காரும் இடத்தில், காது உயரத்தில் மைக்கை நிறுத்த வேண்டும். அடிச் சத்தத்திலிருந்து கீச்சுச் சத்தம் வரைக்கும் ஸ்பீக்கர் ஒரே இழுப்பாக இழுக்கும். அறை எந்தச் சத்தத்தை ஊதிப் பெருக்குகிறது, எதைத் தின்கிறது என்று திரையில் ஒரு கோடு வரும். கூடுவதைக் குறைத்து, குறைவதைக் கூட்டி, சாஃப்ட்வேர் ஸ்பீக்கருக்கு அனுப்பும்.

என் அறையின் கோடு எழுபது ஹெர்ட்ஸில் கிணற்றுக்குள் விழுந்தது. குடத்தின் அடி முழக்கம் இருப்பதும் அங்கேதான்.

சாஃப்ட்வேர் அந்தப் பள்ளத்தை நிரப்பப் பார்த்தது. ஸ்பீக்கரின் கோன் உதறியது. மறுபடி அளந்தேன். பள்ளம் அப்படியே கிடந்தது. எழுபது ஹெர்ட்ஸை மட்டும் தனியாக ஓடவிட்டு, தலையில் கைவைத்து உட்கார்ந்தேன்.

அப்போது என் மனைவி ஷைனி டீயோடு வந்தாள். என் அருகில் வந்து நின்றாள். திரும்பக் கதவுக்குப் போனாள். மறுபடி வந்தாள்.

"என்ன வல்லாத்த ரூம் இது? கதவுகிட்ட நிக்கும்போ நெஞ்சில இடிக்குது. உங்ககிட்ட வந்தா ஒண்ணுமே இல்ல."

நான் எழுந்து கதவுக்கு ஓடினேன். இடித்தது. நாற்காலிக்கு வந்தேன். சத்தமே இல்லை. அப்போதுதான் புரிந்தது. நான் அறையின் நட்டநடுவில் உட்கார்ந்திருந்தேன். ஸ்பீக்கரிலிருந்து வரும் அலையும் பின்சுவரில் பட்டுத் திரும்பும் அலையும் அந்த இடத்தில் ஒன்றையொன்று அழித்துக்கொண்டிருந்தன. எவ்வளவு கூட்டினாலும் அவ்வளவும் அழியும். சாஃப்ட்வேரால் ஆகாத காரியம் அது.

"மேசைக்க அந்த அற்றத்தப் பிடி" என்றேன்.

"டீ குடிக்கலியா?"

"முதல்ல பிடி."

மேசையையும் ஸ்பீக்கரையும் முன்சுவர்ப் பக்கம் தள்ளி, நாற்காலியை ஓரடிக்கு மேல் முன்னால் கொண்டுபோனோம். அளந்தேன். கிணறு மேடேறிவிட்டது. சுவரை நெருங்கியதால் பேஸ் இப்போது சற்று ஊதியிருந்தது. அதை சாஃப்ட்வேர் அழகாக அமுக்கியது. பழைய மிக்ஸைப் போட்டேன். வேனில் கேட்ட அதே இடி, அதே விழுங்கப்பட்ட குரல். அக்கா கேட்டதை முதல் தடவையாக நானும் கேட்டேன். வெட்கமும் சந்தோஷமும் சேர்ந்து வந்தன.

3. சனிக்கிழமை

புது மிக்ஸை சனிக்கிழமை மதியம் போனில் அனுப்பினேன். மூன்றரை மணிக்கு செல்லப்பன் அண்ணன் கூப்பிட்டார். அன்று குலசேகரம் பக்கம் அவர்களுக்குக் கொடை. வழியில் தக்கலையில் வேனை நிறுத்திக் கேட்டிருக்கிறார்கள்.

"ஏடே, எனக்க குடத்த எவன் தூக்கிட்டுப் போனான்?"

ஸ்டுடியோ அறைக்கு ஓடினேன். புராஜெக்டைத் திறந்தேன். எல்லாச் சத்தமும் கடைசியாகச் சேரும் மாஸ்டர் சேனலில் கரெக்‌ஷன் பிளக்-இன் ஆனிலேயே இருந்தது. என் அறைக்காகக் குறைத்த பேஸ், ஃபைலாக எக்ஸ்போர்ட் செய்தபோது பாட்டிலும் குறைந்து போயிருக்கிறது. கரெக்‌ஷன் நான் கேட்பதற்கு மட்டும்தான். வெளியே போகும் பாட்டில் அதற்கு வேலையே இல்லை.

ஆஃப் செய்து மறுபடி எக்ஸ்போர்ட் செய்தேன். போனில் அனுப்ப மனம் வரவில்லை. வேனை அங்கேயே நிறுத்தி வைக்கச் சொல்லிவிட்டு, பென் டிரைவிலும் என் போனிலும் ஏற்றிக்கொண்டு பைக்கை முறுக்கினேன்.

வேனில் அதே ஸ்டீரியோ. அக்கா கண்ணை மூடிக்கொண்டு பத்து நிமிடமும் கேட்டார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாதியில் அவரது விரல்கள் தொடையில் தாளம் போட ஆரம்பித்தன.

"இப்பதான் இது நான்" என்றார்.

"குடமும் வந்தாச்சு" என்றார் செல்லப்பன் அண்ணன்.

நாலே முக்காலுக்கு அங்கிருந்தே என் போனில் துபாய்க்கு அனுப்பினோம்.

வீட்டில் ஸ்டுடியோ தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். முதலில் நாற்காலியை நகர்த்துங்கள், பிறகு சாஃப்ட்வேரைப் போடுங்கள். எக்ஸ்போர்ட் செய்யும் முன் மாஸ்டரைப் பாருங்கள். நான் அதைப் பெரிய எழுத்தில் எழுதி மானிட்டருக்கு மேல் ஒட்டியிருக்கிறேன். உங்கள் காது நல்ல காதாகவே இருக்கலாம். அது உட்கார்ந்திருக்கும் இடத்தைச் சந்தேகப்படுங்கள்.

பத்து நாள் கழித்து அக்காவிடமிருந்து போன் வந்தது. நலம் விசாரிக்கக்கூட இல்லை.

"தம்பி, பாஸ்போர்ட் எடுக்க ஆதார் கார்டு மட்டும் போருமா, ரேஷன் கார்டும் கொண்டு போணுமா?"