இடது கையால் கும்பிட்ட கொலைகாரன்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நொச்சிக்குப்பத்து வீட்டில் வைரவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கூலிக்கு ஆள் கொல்லும் கும்பலைப் பற்றிய அந்தப் படத்தின் இரண்டாம் பாகம், தியேட்டர் பக்கமே தலைகாட்டாமல் நேரே டிவிக்கு வந்துவிட்டது. மனைவி தாயம்மாவும் ஒன்பது வயது மகள் கயலும் பாயைப் போட்டு முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள்.

வைரவன் சினிமாவில் ஃபைட்டர். ஹீரோ குதிக்க வேண்டிய இடத்தில் ஹீரோவின் விக்கை மாட்டிக்கொண்டு இவர் குதிப்பார். பெயரும் வராது, முகமும் வராது. முதல் பாகத்தில் இரண்டாவது மாடியிலிருந்து விழுந்தபோது கீழே அடுக்கிய அட்டைப்பெட்டிகள் விலகி, வலது தோள் எலும்பு முறிந்தது. படம் சக்கைப்போடு போட்டது. இவர் மூன்று மாதம் படுத்தார். இன்றும் அந்தக் கையை முகத்துக்கு உயர்த்தினால் உயிர் போகும். அப்போதுதான் தாயம்மா, கயலின் தலையில் கை வைத்து இனிமேல் குதிப்பதில்லை என்று சத்தியம் பண்ணச் சொன்னாள்.

பண்ணினார். போன வருஷம் நந்தனத்தில் பாதி கட்டிய கட்டடத்திலிருந்து இரண்டாம் பாகத்துக்காகக் குதித்தும் தொலைத்தார். தன் இடத்தில் வேறு எவனோ விழுவதற்கு மனசு ஒப்பவில்லை. வீட்டில், "கும்பல்ல சும்மா நின்னேன்" என்று ஒரு புளுகு.

படமா அது! பழைய ஹீரோவும் இல்லை, பழைய டைரக்டரும் இல்லை. கொலைகாரர்கள் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு அரைமணி நேரம் தத்துவம் பேசினார்கள். வைரவனுக்கு வயிறு எரிந்திருக்க வேண்டும். அவரோ, இவர்கள் தூங்கிவிட மாட்டார்களா என்று வேண்டிக்கொண்டிருந்தார்.

"மொக்கையா கீது. நிறுத்திட்டு பீச்சுக்குப் போலாம் வா," என்றார்.

"இரு. நீ நிக்கிற சீனு வரட்டும்," என்றாள் தாயம்மா. அதற்காகவேதான் கொட்டாவியை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மொட்டை மாடி வந்தது. கறுப்புக் கோட்டுப் போட்ட கொலைகாரன் முக்கால்வாசி முதுகைக் காட்டிக்கொண்டு விளிம்பில் நின்றான். ஈவு இரக்கமே இல்லாதவன் என்று படம் முழுக்கச் சொன்ன ஆள், குதிக்கும்முன் குனிந்து கைப்பிடிச் சுவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். எடிட்டிங்கில் வெட்டி எறிய வேண்டிய துண்டு. அதைக்கூடக் கவனிக்காமல் விட்டிருந்தார்கள், பாவிகள்.

"கொலைகாரன் சாமி கும்புட்றான்மா," என்று கயல் உருண்டு சிரித்தாள். "அதுவும் பீச்சாங்கையால."

தாயம்மா சிரிக்கவில்லை. ரிமோட்டை எடுத்து நிறுத்தினாள். திரையில் இடது கை கண்ணில் ஒட்டியபடியே நின்றது. எவன் இடது கையால் கும்பிடுவான், வலது கை ஏறாதவனைத் தவிர?

"இது என்னிக்கி எட்த்தாங்க? எந்தத் தேதி?" என்று கேட்டாள்.

அவள் எதைக் கேட்கிறாள் என்று வைரவனுக்குத் தெரியும். போன வருஷம் கயல் டெங்குக் காய்ச்சலில் நினைவு தப்பி எட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அவளைச் சேர்த்த அன்று காலை பதினொரு மணிக்கு இவர் குதித்தார்; பன்னிரண்டு மணிக்கு போன் வந்தது. ஒருவரிடமும் சொல்லாமல் ஒரு வருஷமாக உள்ளுக்குள்ளேயே செத்துக்கொண்டிருந்தார். தேதியை மாற்றிச் சொல்லியிருக்கலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை.

"பாப்பாவ ஆஸ்பத்திரில சேத்தோமே," என்றார். "அன்னிக்குத்தான்."

தாயம்மா, இன்னும் சிரித்துக்கொண்டிருந்த கயலை இழுத்து மடியில் போட்டு, அவள் தலையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள்.