செம்புத் தண்ணீரில் இருந்த வசனம்

தொண்ணூறுகளில், விளாத்திகுளம் பக்கம் எங்கள் ஊரில் எழுத்தறிவு வகுப்புக்குப் போன பெண்கள் சேர்ந்து ஒரு நாடகம் போட்டோம். எனக்கு மாமியார் வேடம். கோபித்துக்கொண்டு தாய்வீட்டுக்குப் புறப்படும் மருமகளிடம், "போனா திரும்பி வராத" என்று சொல்ல வேண்டும். ஆனால் அவள் போய்விடக் கூடாதே என்ற தவிப்பும் தெரிய வேண்டும். ஒத்திகையில் அழுதுகொண்டே சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள்.

"இப்படிச் சிரிச்சா, நாளைக்கு மேடையில வேற ஆளுதான்" என்றார் நாடகம் பழக்கிய அண்ணாச்சி.

"நாந்தான் நடிப்பேன். ஒருத்தரும் சிரிக்க மாட்டாவ" என்றேன்.

மறுநாள் ஊர் மந்தையில் நாடகம் நடந்தபோது நான் அழவில்லை. வசனத்தை வெடுக்கென்று சொன்னேன். சொல்லிக்கொண்டே, மருமகளாக நடித்த செண்பகத்திடம் ஒரு செம்புத் தண்ணீரை நீட்டினேன். சிரிப்புச் சத்தமே இல்லை.

கூட்டத்தில் ஒருத்தி, "ஏட்டி, மாமியா இருக்கச் சொல்லுதா. வாங்கிக் குடி" என்றாள்.

செண்பகம் வாங்கிக் குடித்தாள். குடித்தவள் பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தும் விட்டாள்.

"கதைப்படி நீ போகணும்லா?" என்று அண்ணாச்சி பதறினார்.

"தண்ணிய வாங்கிக் குடிச்சிட்டு எப்படிக் கோவிச்சிட்டுப் போக?" என்றாள் அவள்.

நாடகம் அங்கேயே முடிந்தது. அன்றிலிருந்து யார் என்னிடம் கடுமையாகப் பேசினாலும், முதலில் அவர்கள் கையைத்தான் பார்க்கிறேன்.