மெதுவாக நடப்பவர் முன்னால்

பினாங்கில் எங்கள் மலையேறும் சங்கத்தில் விதிகளுக்குப் பஞ்சமில்லை. சங்கம் என்று பெயர் வைத்துவிட்டால் விதி எழுதாமல் இருக்க முடியுமா? ஆனால் அவற்றில் உருப்படியானது ஒன்றுதான். கூட்டத்திலேயே மெதுவாக நடப்பவர் முன்னால் போக வேண்டும். நன்றாக நடக்கிறவர் கடைசியில் வர வேண்டும். முன்னால் போகிறவரை யாரும் முந்தக் கூடாது.

அந்த விதி வந்ததற்குக் காரணம் ஒரு குண்டு மனிதர். குடோன் ஒன்றில் ஸ்டோர்கீப்பராக இருந்தவர். சங்கம் தொடங்கிய புதிதில் அவரை நடுவழியில் விட்டுவிட்டு நாங்கள் கொடிமலை உச்சிக்குப் போய், தேநீர் குடித்து, வெற்றிலையும் போட்ட பிறகுதான் ஆள் குறைவது தெரிந்தது. மனிதர் ஏதோ ஒற்றையடிப் பாதையில் தவறி இறங்கி, பொழுது சாயும்வரை குரங்குகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். மறுநாள் அவர் மனைவி எங்கள் செயலாளர் வீட்டு வாசலில் நின்று பேசிய பேச்சைத் தெருவே கேட்டது. செயலாளர் பள்ளிக்கூட வாத்தியார். ஏச்சு கொடுத்துப் பழக்கமே தவிர வாங்கிப் பழக்கமில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே விதி வந்துவிட்டது.

ஞாயிறு காலை கொடிமலை அடிவாரத்தில், தண்ணீர்மலைப் பூந்தோட்டத்து வாசலில் கூடுவோம். பெரும்பாலும் ஆபீசில் எழுத்து வேலை பார்க்கும் கிராணிகள், இரண்டு மூன்று வாத்தியார்கள், ஆஸ்பத்திரி கம்பவுண்டர் ஒருவர். கத்தோலிக்க அங்கத்தினர்கள் முதல் பூசை முடித்து நேராக வருவார்கள். நற்கருணை வாங்குவதற்காக நள்ளிரவிலிருந்தே பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காதவர்கள். அவர்கள் அங்கே காப்பிக் கடையில் பசியாறி முடிக்கும்வரை, வீட்டில் இட்டிலி தின்றுவிட்டு வந்த நாங்கள் காத்திருக்க வேண்டும். அதற்குள் காலில் போட்ட சப்பாத்தைச் சுற்றிப் புகையிலைத் தண்ணீரைத் தடவிக்கொள்வோம். அட்டைகள் அதையும் மீறித்தான் ஏறும். தடவாமல் போனால் மட்டும் மனசு கேட்காது.

தோட்டத்தைத் தாண்டியதும் முதல் ஏற்றம். அதில் எல்லோரையும் பேசிக்கொண்டே ஏறச் சொல்வார் செயலாளர் வாத்தியார். பேச்சு வருகிறவன் பின்னால், மூச்சு வாங்குகிறவன் முன்னால். அப்படித்தான் வரிசை அமையும். நான் எப்போதும் கடைசி. எனக்கு ‘வால்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். யாராவது களைத்துப் போனால் அவர் பையை வாங்கிச் சுமப்பது, பின்தங்குகிறவரைத் தூக்கிவிடுவது எல்லாம் வாலின் வேலை. சில நாள் மூன்று பைகள்கூட என் தோளில் தொங்கும். அதில் எனக்கு இருந்த பெருமையை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. ரயில் ஓடுகிற மலையில் எதற்கப்பா நடந்து ஏறுகிறீர்கள் என்று கேட்காத ஆள் டவுனில் கிடையாது. எனக்குப் பிடித்திருந்தது, அவ்வளவுதான். வாரத்தில் ஆறு நாள் குனிந்து எழுதுகிறவனுக்கு ஒரு நாள் நிமிர்ந்து பார்க்க ஏதாவது வேண்டியிருந்தது.

நான் வேலை பார்த்தது பீச் ஸ்ட்ரீட்டில், ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில். கப்பல் சரக்குப் பிரிவில் நாங்கள் இரண்டு கிராணிகள். மற்றவர் என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். மாதாகோயில் பக்கத்தில் வீடு, வீடு நிறையப் பிள்ளைகள். நல்ல கையெழுத்து. நல்ல மனிதர் என்றும் சொல்லலாம். அதிகம் பேசாதவர்களை அப்படித்தானே சொல்கிறோம். அவருக்கு இரைப்பு இருந்தது. மழைக்காலத்தில் அவர் மூச்சு விடுகிற சத்தம் மேசையைத் தாண்டி எனக்குக் கேட்கும்.

ரப்பர் விலை விழுந்த வருஷங்கள் அவை. தோட்டங்களில் ஆட்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். டவுனில் ஒவ்வொரு ஆபீசாகக் கதவு சாத்தினார்கள். எங்கள் கம்பெனியில் சாத்தவில்லை, ஆளைக் குறைத்தார்கள். சரக்குப் பிரிவுக்கு இனி ஒரு கிராணி போதும், யார் என்பதைத் துரை முடிவு செய்வார் என்று தலைமைக் கிராணி வந்து சொல்லிவிட்டுப் போனார். எப்போது என்று சொல்லவில்லை. அன்று முதல் நாங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் ரொம்ப மரியாதையாகப் பேசத் தொடங்கினோம்.

அந்த வாரமே அவர் என்னிடம் கேட்டார். “தம்பி, உங்க சங்கத்துல நானும் சேரலாமா?”

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. “மலை ஏறணும் அண்ணே. உங்களுக்கு இரைப்பு…”

“ஏறினா நல்லதுன்னு டாக்டர் சொன்னாரு.”

எந்த டாக்டரும் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார். காரணம் அடுத்த ஞாயிற்றுக்கிழமை தெரிந்தது. துரையின் மனைவிக்கு நெடுநாளாகக் காய்ச்சல். மலைக் காற்று வேண்டும் என்று, உச்சிக்குச் சற்றுக் கீழே ஒரு பங்களாவை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். துரை சனிக்கிழமை மத்தியானம் ரயிலில் ஏறிப்போய் திங்கள் காலை இறங்குவார். எங்கள் பாதை அந்தப் பங்களாவின் செடி வேலிக்குக் கீழாக வளைந்து போகும். வராந்தாவில் துரை பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டு, எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நோயாளி என்று தன்னைக் கழித்துவிடக் கூடாது, மலை ஏறுகிற உடம்பு என்று துரை பார்க்க வேண்டும். அண்ணன் மலைக்கு வந்தது இதற்குத்தான்.

அதில் எனக்கு ஆட்சேபம் இருக்கவில்லை. பிள்ளைகுட்டிக்காரர், அவர் பாடு அவருக்கு. ஆனால் முதல் ஏற்றத்திலேயே அவருக்குப் பேச்சு நின்றுவிட்டது. வாத்தியார் அவரைத் தோளைப் பிடித்து வரிசையின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். அடுத்த வாரமும் அப்படியே, அதற்கடுத்த வாரமும் அப்படியே. அவர் மாதிரி மெதுவாக நடக்க எங்கள் சங்கத்தில் வேறு ஆள் இல்லை. அவருக்குப் பின்னால் நாங்கள் எல்லோரும் மாட்டு வண்டிக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட மோட்டார்கள்போல ஊர்ந்து வருவோம். யாரும் முணுமுணுத்ததில்லை. விதி அது.

பங்களாவுக்குக் கீழே உள்ள வளைவுக்கு முன்னால் ஒரு பாறை உண்டு. அங்கே அவர் நின்று, மூச்சைத் தேற்றிக்கொண்டு, தொப்பியைச் சரிசெய்துகொள்வார். பிறகு பையை என்னிடம் அனுப்பிவிட்டு, நெஞ்சை நிமிர்த்தி அந்த வளைவைக் கடப்பார். கடைசியில் அவர் பையையும் சேர்த்துச் சுமந்துகொண்டு நான் வருவேன். துரை எங்கள் பக்கம் கையைத் தூக்குவார். நாங்கள் தொப்பியைக் கழற்றுவோம். இப்படியே ஒரு மழைக்காலம் போயிற்று.

ஒரு நாள் துரை என்னை அறைக்குள் கூப்பிட்டார். மரியாதையாகவே பேசினார். என் வேலையில் குறை ஒன்றும் இல்லை என்றார். இரண்டு பேரும் வேலையில் சமம்தான், அதனால் வேறு ஒன்றைப் பார்த்து முடிவு செய்ய வேண்டியிருந்தது என்றார்.

“ஞாயிற்றுக்கிழமைகளில் உங்கள் இருவரையும் மலையில் பார்க்கிறேன். அவன் உன்னைவிட வயதானவன். ஆனாலும் அத்தனை பேரையும் அவன்தான் நடத்திக்கொண்டு வருகிறான். நீ வாலிபன், எப்போதும் கடைசியில் வருகிறாய். உனக்கு வேறு இடம் கிடைத்துவிடும்.”

எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. அப்புறம் காது சூடாகிவிட்டது. ஒரு வாக்கியம் சொன்னால் போதும். எங்கள் சங்கத்தில் மெதுவாக நடப்பவர்தான் முன்னால் போவார், ஐயா. ஆங்கிலத்தில் அதை எப்படிச் சொல்வது என்றுகூட வார்த்தை வார்த்தையாக மனசில் வந்துவிட்டது. வாயையும் திறந்துவிட்டேன்.

அறைக் கதவில் கண்ணாடி பதித்திருக்கும். அதன் வழியாக எங்கள் மேசை தெரிந்தது. அண்ணன் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தார், எழுதவில்லை. தோள்கள் இரண்டும் ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தன.

நான் வாயை மூடிக்கொண்டேன். தியாகம் என்று யாராவது சொன்னால் எனக்குப் பிடிக்காது. அந்த வாக்கியத்தைச் சொன்னால் அந்த மனிதர் அந்தக் கதவு வழியாக வெளியே போவதை நான் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அதற்கு எனக்குத் திராணி இல்லை. நன்றி ஐயா என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். துரை எழுந்து நின்று கை கொடுத்தார்.

அன்று சாயங்காலம் அண்ணன் நான் தங்கியிருந்த அறைக்கு வந்தார். பினாங் ஸ்ட்ரீட்டில், ஒரு துணிக்கடைக்கு மேல் அறை. படி ஏறி வந்ததில் மூச்சு வாங்கியது. கட்டிலில் உட்கார்ந்தார். நான் தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

“தொரை என்ன சொன்னாரு தம்பி?”

சொன்னேன். ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“நீ ஒண்ணும் சொல்லலியா? நம்ம சங்கத்து வழக்கத்தைப் பத்தி?”

“இல்லே அண்ணே.”

அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. மறைக்கப் பார்த்தார், முடியவில்லை. எனக்கு வந்த கோபத்தில் அந்த டம்ளரைப் பிடுங்கிச் சுவரில் அடித்திருப்பேன். அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. துரை என்ன நினைத்துக்கொண்டு பார்க்கிறார் என்று தெரிந்தேதான் அந்தப் பாறையில் நின்று தொப்பியைச் சரிசெய்திருக்கிறார். என் தோளில் தொங்கியது அவருடைய பை.

“ஞாயித்துக்கெழம வருவேல்ல?” என்று கேட்டார், படியில் நின்றுகொண்டு. “நான் வந்துதான் ஆவணும். தொரை பாப்பாரு லா.”

நான் கதவைச் சாத்தினேன்.

போனேன். ஞாயிற்றுக்கிழமை இட்டிலிகூடத் தின்னாமல் போனேன். காப்பிக் கடையில் மற்றவர்கள் பசியாறிக்கொண்டிருந்தபோதே நடக்கத் தொடங்கிவிட்டேன். வாத்தியார் கூப்பிட்டுப் பார்த்தார், பிறகு கத்தினார். சங்கத்தில் அதுவரை யாரும் செய்யாத காரியம் அது. எனக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். அந்த வளைவில் எல்லோருக்கும் முன்னால், தனியாக, மூச்சு வாங்காமல் நான் வருவதைத் துரை பார்க்க வேண்டும். பார்த்தாலும் வேலை திரும்பக் கிடைக்காது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் பார்க்க வேண்டும். அன்று ஏறியது மாதிரி நான் வாழ்க்கையில் எப்போதும் ஏறியதில்லை. ஓடை, மூங்கில் புதர், பாறை எதிலும் நிற்கவில்லை.

வராந்தாவில் நாற்காலி இல்லை. ஜன்னல்கள் எல்லாம் சாத்திக் கிடந்தன. தோட்டக்காரர் ஒருவர் படிக்கட்டைக் கூட்டிக்கொண்டிருந்தார். நம் ஆள்தான்.

“தொரை இல்லியா?”

“தொரைசானிக்கு ஒடம்பு தேறிடுச்சுங்க. நேத்தே காலி பண்ணிட்டுக் கீழ எறங்கிட்டாங்க. இனிமே வரமாட்டாங்க.”

வேலிக்குக் கீழே இருந்த மதகுச் சுவரில் உட்கார்ந்தேன். வியர்வை ஆறி, குளிர் எடுக்க ஆரம்பித்தது. கீழே டவுன் கூரைகளும், கடலும், அதற்கப்பால் பட்டர்வொர்த் கரையும் வெயிலில் மஞ்சளாகத் தெரிந்தன. எனக்குள் கோபம் இருந்தது, அதைக் காட்ட ஆள் இல்லை. நெடுநேரம் கழித்து வரிசை வந்தது.

முன்னால் அவர். வளைவுக்கு முன்னால் நின்று தொப்பியைச் சரிசெய்துகொண்டு, நெஞ்சை நிமிர்த்தித்தான் வந்தார். முதலில் என்னைப் பார்த்தார். பிறகு வராந்தாவைப் பார்த்தார், சாத்திய ஜன்னல்களைப் பார்த்தார். நிமிர்ந்த நெஞ்சு அப்படியே இறங்கிவிட்டது. வந்து என் பக்கத்தில் சுவரில் உட்கார்ந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது.

“தொரை போயிட்டாரா?”

“போயிட்டாரு. இனிமே வரமாட்டாராம்.”

அவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். பேச்சு வர நேரமாயிற்று.

“ஒவ்வொரு வாட்டியும் பாதியிலயே செத்துருவேன்னுதான் தம்பி நெனச்சேன். வீட்டுல புள்ளைங்ககிட்ட சொல்லிட்டுத்தான் வருவேன்.” லீவு கேட்கிறவர் மாதிரி என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். “அப்ப… இனிமே நான் ஏற வேணாம்ல?”

என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும் என்று எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். “வேணாம் அண்ணே” என்றுதான் சொன்னேன்.

அவர் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு அழுதார். பின்னால் வந்தவர்கள் அவருக்கு மூச்சு வாங்குகிறது என்று நினைத்து, முந்தாமல், வரிசையாக நின்றார்கள்.