தம்பி தள்ளிப்போட்ட பரிசோதனை

இரைப்பைப் புற்றுநோயில் அக்கா இறந்தபோது அவளுக்கு முப்பத்தாறு வயது. எங்கள் அப்பாவும் அதே நோயில்தான் நாற்பதைத் தாண்டாமல் போனார். கருமாதி முடிந்த மறுவாரம், அக்காவுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் என்னையும் தம்பியையும் வரச் சொன்னார்.

"உங்க அக்கா ரத்தத்துல பரம்பரையா வர்ற மரபணுக் கோளாறு ஒண்ணு இருந்துச்சு. உங்க ரெண்டு பேருக்கும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். டெஸ்ட் பண்ணாத்தான் தெரியும்" என்றார்.

ரத்தம் எடுக்க நான் கையை நீட்டினேன். கரும்பு வெட்டு முடியட்டும் என்று தம்பி எழுந்துவிட்டான்.

எனக்கு அந்தக் கோளாறு இருந்தது. வாய் வழியே குழாய் விட்டுப் பார்த்தார்கள், ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் இரைப்பையை முழுவதுமாக எடுத்துவிடுவதே நல்லது என்றார் டாக்டர். இந்த வகை நோய் சுவருக்குள் ஒளிந்திருக்குமாம். வலிக்காத வயிற்றை அறுக்கக் கொடுக்க மனசு வரவில்லை. திருபுவனை கம்பெனியில் ஷிப்டு முடிந்து பஸ்ஸில் வரும்போது, டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு அழுவேன். மூன்று மாதம் அழுது, கடைசியில் ஒப்புக்கொண்டேன். எடுத்த இரைப்பையில் இரண்டு இடங்களில் நோய் தொடங்கியிருந்தது.

உடம்பு தேறியதும் அந்த ரிப்போர்ட்டோடு தம்பி இருக்கும் பாகூருக்கு ஓடினேன். வயலில் மடை மாற்றிக்கொண்டிருந்தான்.

"இன்னிக்கே வாடா."

"எனக்கு இன்னாக்கா? கல்லத் தின்னாலும் செரிக்குது."

"எனக்கும் அப்பிடித்தான்டா இருந்துச்சு."

"எம் பொண்டாட்டி மாசமா இருக்கா. அவகிட்ட இதெல்லாம் சொல்லிடாத. என் மேல சத்தியம் பண்ணு."

பண்ணினேன். வாரா வாரம் போன் செய்தேன். நடவு, வளைகாப்பு, மழை என்று ஏதாவது சொல்வான். பிறகு போனை எடுப்பதையே விட்டுவிட்டான். பெண் குழந்தை பிறந்து எட்டு மாதம் கழித்து அவன் மனைவி கூப்பிட்டாள்.

"அண்ணி, ரெண்டு வாய்க்கு மேல எறங்கலன்றாரு. கேஸுன்னு மாத்திர வாங்கித் திங்கறாரு."

சத்தியத்தை மீறி எல்லாவற்றையும் சொன்னேன்.

"இவ்ளோ நாளா தெரிஞ்சுமா சொல்லல நீங்க?"

அவள்தான் அவனை ஆஸ்பத்திரிக்கு இழுத்துவந்தாள். வயிற்றைத் திறந்த டாக்டர்கள் எதையும் எடுக்காமல் தைத்துவிட்டார்கள். அவ்வளவு பரவியிருந்தது.

இப்போது கீமோ போகிறது. நேற்று கஞ்சி ஊட்டப் போனேன். இரைப்பை இல்லாத நானே கொஞ்சம் கொஞ்சமாக ஆறு வேளை தின்கிறேன். அவன் முதல் ஸ்பூனுக்கே முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"அக்கா, புள்ளைக்கும் இருக்குமா?"

"அவளுக்குப் பதினெட்டு ஆனதும் டெஸ்ட் பண்ணிக்கலாம்னு சொல்றாங்க."

"அப்ப நீ கூட்டிம்போ. வேணான்னு சொன்னாலும் உடாத."

சரி என்றேன். குழந்தைக்கு இன்னும் பல்கூட முழுதாக முளைக்கவில்லை. அவளுக்குப் பதினெட்டு ஆகும்வரை நான் உயிரோடு இருக்க வேண்டும்.