ஒட்டாமல் போட்ட தரை

என் கையெழுத்து கோணலாக இருக்கும். எழுத்துப்பிழையும் நிறைய வரும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

மயிலாப்பூரில் எங்கள் வீட்டில் நானும் என் மனைவியும்தான். ஒரு காய்ச்சலுக்குப் பிறகு அவளுக்கு இரண்டு காதும் கேட்காமல் போய்விட்டது. வெளிச்சத்துக்காகத் தையல் மிஷினை ஜன்னலோரம் போட்டிருக்கிறாள். கதவு அவள் முதுகுப் பக்கம். வேலை முடிந்து வந்து தோளைத் தொட்டால் அவளுக்குத் தூக்கிவாரிப்போடும். ஒருமுறை ஊசி விரலில் ஏறிவிட்டது. "இன்னாய்யா, திருடன் மாரி வந்து நிக்கிற?" என்று அழுதாள். அதன்பின், அவளாகத் திரும்பும்வரை வாசலிலேயே நிற்பேன்.

வீட்டில் மொசைக் தரை பெயர்ந்து, தைக்கிற துணியெல்லாம் தூசியானது. உடைக்காமல் மேலேயே லேமினேட் பலகை போடலாம் என்றார்கள். தி. நகரில் ஒரு கடைக்குப் போனோம். மாதிரிக்கு ஒட்டியும் ஒட்டாமலும் இரண்டு விதமாகவும் தரை போட்டு வைத்திருந்தார்கள்.

"பசை வச்சி ஒட்டுனா கல்லு மாரி நிக்கும் நைனா. ஒட்டாம கோத்துப் போட்டா, அடியில ஃபோம் கீது, நடந்தா லேசா அதிரும். அப்பால என்னைத் திட்டக்கூடாது" என்றார் கடைக்காரர்.

ஒட்டியே போடலாம் என்று எனக்குத் தோன்றியது. மனைவியைக் கேட்கப் போனேன். அவள் ஒட்டாத தரையில் வெறுங்காலோடு நின்று, சுவரில் இருந்த பலகை நிறங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அதில் கால் வைத்ததும் சட்டென்று திரும்பினாள்.

"யோவ், போய் மறுபடி வா!" கடை முழுக்கக் கேட்டது. எனக்கு வெட்கம் பிடுங்கியது. போய், திரும்பி வந்தேன். அவள் சுவரைப் பார்த்தபடியே, "வர்து... வர்து... வந்துட்ச்சி!" என்றாள்.

ஒட்டிய தரையிலும் அவளை நிற்கவைத்துப் பார்த்தோம். நான் பக்கத்தில் போனதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

"இன்னா நைனா, அக்கா கண்ணாமூச்சி ஆடுது?" என்றார் கடைக்காரர். மெதுவாகக் காரணம் சொன்னேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, அவளை மறுபடி ஒட்டாத தரையில் நிற்கச் சொல்லிச் சைகை காட்டி, பின்னால் நடந்து வந்தார்.

"இது நம்மாளு இல்ல. யாரோ குண்டு ஆளு" என்றாள்.

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். எங்கள் வீட்டில் ஒட்டாமல் பலகை போட்ட அன்று அவரே வந்து, மிஷின் முன்னால் அவளை உட்காரவைத்து, வாசலிலிருந்து நடந்து காட்டிவிட்டுத்தான் போனார்.

இப்போது நான் உள்ளே வந்ததும், திரும்பாமலே, "டீ ஃபிளாஸ்க்ல கீது, ஊத்திக்கோ" என்கிறாள். ஊசி ஓடிக்கொண்டே இருக்கிறது.

அந்த அதிர்வைக் குறை என்று நினைத்தும் மறைக்காமல் சொன்னவர் அந்தக் கடைக்காரர். அவருக்கு நேரில் நன்றி சொல்லக் கூச்சம், அதனால் உங்கள் பத்திரிகைக்கு எழுதினேன்.

கார்த்திகை மாதம், ஞாயிற்றுக்கிழமை.