இடது காதில் நிற்காத ஹெட்செட்

“ஆயா, உம் மருமவளுக்கு ஒரு காது போச்சாமே? கம்பெனில நிறுத்திட்டாங்களாமே?” என்று நேற்று வாசல் தெளித்துக்கொண்டே கேட்டாய் பார், அப்போதே உன்னைப் பிடித்து உட்காரவைத்துச் சொல்லியிருப்பேன். அடுப்பில் பால் பொங்கிவிட்டது, ஓடிவிட்டேன். இப்போது உட்கார். இந்த முருங்கைக்கீரையில் பாதியை நீ உருவு, பாதியை நான் உருவுகிறேன். இந்தக் கதையை யார் கிளப்பிவிட்டது என்பதும் எனக்குத் தெரியும். மாடி வீட்டுக்காரிதான். ஞாயிற்றுக்கிழமை மாமியாரும் மருமகளும் ஆட்டோவில் அழுதுகொண்டு போனதைப் பார்த்திருக்கிறாள். மீதியை அவளே சேர்த்துக்கொண்டாள்.

காது போனதா இல்லையா என்று கடைசியில் சொல்கிறேன். முதலில் ஹெட்செட் கதையைக் கேள். எல்லாம் அதில்தான் இருக்கிறது.

என் மகன் லாரி ஓட்டுகிறானா, எளாவூர் செக்போஸ்ட் தாண்டி ஆந்திரா பக்கம் போனால் திரும்பி வர எத்தனை நாளாகும் என்று அவனுக்கே தெரியாது. லாரி எங்கேயாவது வரிசையில் நிற்கும்போதுதான் வீட்டு நினைப்பு வரும், போன் போடுவான். அந்த நேரம் பார்த்து மருமகள் கம்பெனி பஸ்சில் இருப்பாள். பஸ் சத்தத்தில் ஒன்றும் கேட்காது. அதனால் எலக்ட்ரிக் ட்ரெயினில் கூவிக் கூவி விற்கிறார்களே, அதில் ஒரு ஹெட்செட் வாங்கிக்கொண்டு வந்தாள். காதுக்குள்ளேயே சொருகுகிற சின்ன ஜாதி. வெள்ளை ஒயர், முனையில் பால் பாட்டில் நிப்பிள் மாதிரி குட்டி வெள்ளை ரப்பர்.

அவள் ஷிப்டுக்குப் போகாத நேரத்தில் நான்தான் அதைப் போட்டுக்கொள்வேன். சிரிக்காதே. பேத்தி பாட்டை வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போய்விடுவாள், நான் காதில் மாட்டிக்கொண்டு அரிசியில் கல் பொறுக்குவேன். அம்மன் பாட்டு என் தலைக்குள்ளேயே உட்கார்ந்து பாடுகிறது, பக்கத்தில் இருக்கிறவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை! இந்த வயதுக்கு மேல் எனக்கு இப்படி ஒரு சுகமா என்று நானே சிரித்துக்கொள்வேன். ஆனால் அந்த ட்ரெயின் ஹெட்செட்டில் பாட்டு தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கினது மாதிரி இருக்கும். ஆடி மாதம் வேப்பமரத்தில் கூம்பு ஸ்பீக்கர் கட்டுவார்களே, அதே சத்தம். அதுவும் போகப்போக ஒரு பக்கம் காதைக் குச்சியால் குத்தினது மாதிரி வலிக்க ஆரம்பித்தது. மலிவாக வாங்கினால் இப்படித்தான் என்று விட்டுவிட்டேன்.

மருமகளும் அதைக் குறை சொன்னாள், வேறு மாதிரி.

“அத்தே, இது எடது பக்கம் நிக்கவே மாட்டேங்குது. சொருகினா வழுக்கிக்கினு வெளிய வந்துடுது. பாட்டும் அந்தப் பக்கம் கேக்கல.”

“தூக்கிப் போட்டுட்டு நல்லதா ஒண்ணு வாங்கும்மா. உன் புருஷன் பேசறது பாதி கேட்டா பாதி சண்டைதான் வரும்.”

அடுத்தது கும்மிடிப்பூண்டி பஜாரில் மொபைல் கடையில் வாங்கியது. கருப்பு, கொஞ்சம் குண்டு. அதில் பம்பை உடுக்கை அடித்தால் என் அடிவயிற்றில் விழுகிறது. பாடுகிறவர் மட்டும் எங்கேயோ பின்னால், கதவைச் சாத்திக்கொண்டு பாடுகிறார். எனக்கு அதுவும் பிடித்தது. சாமி ஊர்வலத்தில் ட்ராக்டர் மேல் பெட்டி பெட்டியாக ஸ்பீக்கர் அடுக்கி வருவார்களே, அந்த மாதிரி. ஆனால் மருமகள் போட்டுப் பார்த்துவிட்டு மறுபடியும் அதையேதான் சொன்னாள். இடது பக்கம் நிற்கவில்லை, இடது பக்கம் கேட்கவில்லை.

இரண்டு பேரும் கடைக்குப் போனோம். கடைக்காரர் வாங்கித் தன் காதில் மாட்டிக்கொண்டு தலையை ஆட்டினார்.

“ரெண்டு பக்கமும் சூப்பரா பாடுதும்மா. பீஸ்ல ஒண்ணும் இல்ல.”

“எனுக்கு கேக்கலன்னுதான சொல்றேன்?” என்றாள் மருமகள்.

“எனுக்கு கேக்குதேம்மா.”

நான் விடுவேனா? “நைனா, வாங்கினது அவ. உன் காதையா அவளுக்குக் கழட்டிக் குடுக்கப் போற? மாத்திக் குடு!”

அவர் சிரித்துவிட்டு, “ஆயா, உன்னோட பேசி ஜெயிக்க முடியாது. ஆனா மாத்த மாட்டேன்” என்று பெட்டியை என் கையில் வைத்துவிட்டார். வழியெல்லாம் அந்த மனுஷனைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

மூன்றாவது, மருமகளோடு வேலை செய்கிற பெண் இரவல் கொடுத்தது. நூடுல்ஸ் மாதிரி தட்டை ஒயர். ஐயோ, அதைக் கேட்டுப் பார்க்கணும் நீ! குரலும் தெளிவு, உடுக்கையும் தெளிவு, பாடுகிறவர் மூச்சு வாங்குவது கூடக் கேட்கிறது. எதிரில் உட்கார்ந்து எனக்கே பாடினது மாதிரி இருந்தது. காதிலும் பஞ்சு மாதிரி உட்கார்ந்தது. இது நன்றாக இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

அன்றைக்குச் சனிக்கிழமை. மருமகள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள், கையெல்லாம் செதில். மகன் போன் போட்டான். “அத்தே, அந்த ஹெட்செட்ட மாட்டி உடுங்க” என்றாள். கைக்கு வந்ததை வந்த காதில் மாட்டினேன். பேசி முடித்துவிட்டு, “இதுவும் அதே பேஜாருதான், எடது பக்கம் ஒண்ணுமே வரல” என்றாள். கையைக் கழுவிக்கொண்டு கழற்றிப் பார்த்தாள்.

“அத்தே, நீங்க மாத்தி மாட்டிக்கிறீங்க.”

“இன்னாத்த மாத்தி?”

“எடது காதுக்கு உள்ளத வலதுல மாட்டிக்கிறீங்க. இங்க பாருங்க, எழுத்து போட்டிருக்கு.”

எனக்கு எழுத்து எங்கே தெரியும்? இரண்டும் ஒன்று போலத்தான் இருந்தது. “அதுக்கின்னா இப்போ? மாத்தி மாட்டினா மீன் ஓடிடுமா?” என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. “மாத்தி மாட்டியும் எடது காதுலதான் கேக்கல” என்றாள்.

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் மீன் நறுக்க எடுத்த அரிவாள்மனையைக் கீழே வைத்துவிட்டேன். கெட்டுப்போனது ஹெட்செட் இல்லை. அவள் காது.

அவள் வேலை உனக்குத் தெரியும்தானே? கார் கதவுக்குத் தகடு அடிக்கிற ப்ரெஸ். ஒவ்வொரு அடிக்கும் தரை அதிரும் என்பாள். காதில் பஞ்சு மாதிரி ஒன்றை அடைத்துக்கொண்டுதான் நிற்பார்கள், அப்படியும் ஷிப்ட் முடிந்தால் எல்லோருக்கும் காது கம்மென்று அடைத்திருக்கும். பஸ் ஏறினதும் ஒருத்தி மடியில் இருந்து பொரிகடலை எடுப்பாள், பஸ் முழுக்க மென்றுகொண்டே வருவார்கள். தாடை அசைய அசைய, வீடு வருவதற்குள் காது திறந்துவிடுமாம். அதனால்தான் இடது காது அடைத்தே கிடந்ததை அவள் பெரிதாக நினைக்கவில்லை. ப்ரெஸ்ஸில் நிற்கிறவளுக்குக் காது அடைப்பது நமக்குக் கால் வலிக்கிற மாதிரிதான். கூட ஒரு பிடி பொரிகடலை மென்றிருக்கிறாள், அவ்வளவுதான்.

ஆனால் திங்கட்கிழமை கம்பெனியில் காது டெஸ்ட். காண்ட்ராக்டில் இருக்கிறவர்களை நிரந்தரமாக எடுக்கப் போகிறார்கள், அதற்கு முன்னால் மெடிக்கல். போன தடவை அவள் லைனில் இருந்த ஒரு பெண்ணுக்குக் காது சரியில்லை என்று வந்தது. மறுநாளில் இருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். எத்தனை வருஷமாக அந்தத் தகடோடு நிற்கிறாள் என் மருமகள், இந்த ஒரு நாளுக்காகத்தானே?

அன்றைக்கு மீன் குழம்பு வைத்தோம், யாரும் சாப்பிடவில்லை. பேத்தி மட்டும் முள் எடுக்கச் சொல்லி என் மடியில் உட்கார்ந்துகொண்டாள். எனக்கு வள்ளூரில் இருக்கிற தங்கச்சி மகன் ஞாபகமாகவே இருந்தது. கரண்டு கம்பெனியில் மெஷின் பக்கத்தில் வேலை, காது மந்தமாகிவிட்டது. அவன் நம் வீட்டுக்கு வந்தால் வாசலில் நின்று “பெரிம்மா, நல்லாக்கிறியா!” என்று கத்துவான், காக்கா எல்லாம் பறந்துவிடும். முன்பெல்லாம் சிரிப்பேன். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. திருப்பாச்சூர் ஈஸ்வரனுக்கு வேண்டிக்கொண்டேன், இவளுக்குக் காதைத் திருப்பிக் கொடு, மாலை வாங்கிக்கொண்டு வந்து நிற்கிறேன் என்று.

ஞாயிறு காலையில் நல்லெண்ணெயில் பூண்டு தட்டிப் போட்டுச் சுட வைத்து எடுத்துக்கொண்டு போனேன்.

“வாணாம் அத்தே. ஊத்தி இன்னும் ஏதாச்சும் ஆயிடுச்சுன்னா?”

“எங்க காலத்துல...”

“உங்க காலத்துல ப்ரெஸ் இருந்துச்சா?”

எண்ணெயை அப்படியே அடுப்படியில் வைத்துவிட்டு, கை சும்மா இருக்க முடியாமல் ஹெட்செட்டுகளை எடுத்துச் சுற்ற ஆரம்பித்தேன். இரவல் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கணும் இல்லையா? தட்டை ஒயரைச் சுற்றினேன். கருப்பைச் சுற்றினேன். ட்ரெயினில் வாங்கிய வெள்ளையைச் சுற்றும்போது விரலில் என்னவோ குத்தியது.

பார்க்கிறேன், ஒரு முனையில் ரப்பர் இருக்கிறது. இன்னொரு முனையில் இல்லை! வெறும் பிளாஸ்டிக் குச்சி. என் காதைக் குத்தினது இதுதான்.

பெட்டியைக் கவிழ்த்தேன். பாயை உதறினேன். பேத்தியின் விளையாட்டுச் சாமான் எல்லாம் கொட்டிப் பார்த்தேன். ரப்பர் இல்லை.

“எம்மா, இதுல இருந்த ரப்பரு எங்க?”

“எங்கியாச்சும் உயுந்திருக்கும் அத்தே. இப்போ அதான் முக்கியமா?”

“காணாம போனது எந்தப் பக்கத்து ரப்பரு? எழுத்தப் பாரு!”

அவள் வாங்கிப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கை தானாக இடது காதுக்குப் போனது.

வாசல் வெளிச்சத்தில் உட்காரவைத்து, காதைப் பின்னால் இழுத்து, போனில் லைட் அடித்துப் பார்த்தேன். எனக்குக் கண் கொஞ்சம் மங்கல். ஆனாலும் ஆழத்தில் வெள்ளையாக ஒன்று தெரிந்தது. தெரிந்ததா, தெரிந்ததாக நான் நினைத்துக்கொண்டேனா, அதுவும் எனக்கு நிச்சயமில்லை. அவள் உடனே கொண்டையில் இருந்து ஊசியை உருவிவிட்டாள். நான் கையில் ஓங்கி ஓர் அடி வைத்தேன்.

“இன்னும் உள்ள தள்ளிட்டன்னா? ஏறு ஆட்டோல!”

அந்த ஆட்டோவைத்தான் மாடி வீட்டுக்காரி பார்த்தாள்.

ஆஸ்பத்திரியில் ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒரு டாக்டரம்மா. எங்களுக்கு முன்னால் நாய் கடித்தவர், வண்டியில் இருந்து விழுந்தவர், காய்ச்சல் பிள்ளைகள். மருமகள் ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு, “அது ரப்பரா இல்லாம போச்சுன்னா அத்தே? காதே போயிருந்தா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். “ரப்பருதான்” என்றேன். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் எனக்கு நம்பிக்கை குறைந்துகொண்டே வந்தது.

டாக்டரம்மா காதில் ஒரு புனல் வைத்து எட்டிப் பார்த்தார். மறுபடி பார்த்தார். பிறகு மெல்லிய இடுக்கி ஒன்றை எடுத்தார்.

“அசையக் கூடாது. பாட்டி, தலையைப் பிடிச்சுக்கோங்க.”

தலையை என் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். அவள் மூச்சு என் புடவையில் சூடாகப் படுகிறது. இடுக்கி உள்ளே போகிறது, வருகிறது, வெறுமனே வருகிறது. மறுபடி போகிறது. “ம்ம்... வழுக்குது” என்கிறார் டாக்டரம்மா. பிறகு ‘சளக்’ என்று ஒரு சத்தம். தட்டில் விழுந்தது ஒரு குட்டி வெள்ளை நிப்பிள், அழுக்கும் குரும்பியுமாக.

மருமகள் கண்ணைத் திறந்து மேலே பார்த்தாள். “அத்தே, இந்த ஃபேனு இவ்ளோ சத்தமாவா சுத்துது?”

எனக்கு அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. டாக்டரம்மாதான் அதட்டினார். “இத்தனை நாள் அடைச்சிருக்கு, காதை டெஸ்ட் பண்ணாம ஒண்ணும் சொல்ல முடியாது. ப்ரெஸ்ல வேற நிக்கறீங்க.” பார்த்தாயா, வாயில் போட்ட சர்க்கரை கரைவதற்குள் பிடுங்கிக்கொண்டார்.

மறுநாள் திங்கட்கிழமை, காது டெஸ்ட். கம்பெனிக்குள் ஒரு வேனைக் கொண்டுவந்து நிறுத்தி, அதற்குள் கண்ணாடி வைத்த சின்ன அறையாம். தலையில் பெரிய ஹெட்செட் மாட்டிவிடுவார்களாம், காதை முழுசாக மூடுகிற ஜாதி. சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கணும். கொசு பக்கத்துத் தெருவில் பறந்தால் எப்படியோ அப்படித்தான் கேட்குமாம். நான் காலையில் இருந்து தெருமுனையில் நிற்கிறேன். நாஷ்டாவும் இல்லை, ஒன்றும் இல்லை. ஷேர் ஆட்டோ வந்தது. இறங்கினாள். முகத்தைப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை, வாய் மட்டும் அசைகிறது. பக்கத்தில் வந்ததும் என் கையில் ஒரு பிடி பொரிகடலையைக் கொட்டினாள்.

“இன்னாடி ஆச்சு? சொல்லித் தொலையேன்!”

“ஏன் கத்தறீங்க அத்தே? எனுக்கு ரெண்டு காதும் நல்லாதான் கேக்குது. எழுதியே குடுத்துட்டாங்க.”

நடுத்தெருவில் அவளைக் கட்டிக்கொண்டேன். இதை ஏன் மாடி வீட்டுக்காரி பார்க்கவில்லை, அதைச் சொல்லு முதலில்! தட்டை ஒயர் மாதிரியே ஒன்று புதிதாக வாங்கிவிட்டாள். பெட்டியில் பெரிசு, சின்னது என்று ரப்பர் கொடுக்கிறார்கள் இல்லையா, அதில் பெரிசாகப் பார்த்து மாட்டிக்கொடுத்தேன். கழற்றும்போதெல்லாம் இரண்டு ரப்பரும் இருக்கிறதா என்று காட்டிவிட்டுத்தான் வைக்க வேண்டும். மிஞ்சின ரப்பரை வெள்ளையில் மாட்டி நானே வைத்துக்கொண்டேன். தகர டப்பாவானால் என்ன, அம்மன் பாட்டுத்தானே? இனி திருப்பாச்சூருக்கு மாலை ஒன்று பாக்கி, மகன் லாரியை விட்டு இறங்கட்டும், எல்லோரும் போகணும். அந்தக் கடைக்காரரிடமும் ஒரு வார்த்தை...

“அத்தே! கொயாயில காத்து வருது, தண்ணி வரப்போவுது!”

கேட்டதா உனக்கு, குழாய்ச் சத்தம்? எனக்குக் கேட்கவில்லை. அடுப்படியில் இருந்து அவளுக்குக் கேட்டிருக்கிறது!

“தோ வந்துட்டேம்மா! இந்தாடி, கீரைய அப்படியே வை. எய்ந்திரு, எய்ந்திரு, உன் கொடத்த எட்தா, மாடி ஊட்டுக்காரி மோட்டாரப் போட்றதுக்குள்ள...”